மதுரை மாடியில் பீன்ஸ்: செடியா, கொடியா, எந்த மாதம்?

மூன்று ஆண்டுகளில் ஐந்து முறை பீன்ஸ் விதைத்தேன். முதல் நான்கு முறையும் சேர்த்து ஒரு பொரியலுக்குக்கூடக் காய் தேறவில்லை. விதைக்கடையில் கேட்டால் உரத்தைக் குறை சொன்னார்கள், உரக்கடையில் கேட்டால் விதையை. எதிர்வீட்டு அத்தை மட்டும், "இது கொடைக்கானல் காய், மதுரையில் எதற்குப் போட்டு உயிரை விடுகிறாய்?" என்று கேட்டார். பாதி உண்மை அவர் சொன்னதுதான். மீதிப் பாதியைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று ஆண்டுகளும் ஏறத்தாழ நான்காயிரம் ரூபாயும் ஆயின. நீங்கள் அந்தச் செலவைச் செய்ய வேண்டாம்.

இங்கே பீன்ஸ் என்று சொல்வது மாட்டுத்தாவணிச் சந்தையில் மலையிலிருந்து வந்து இறங்கும் அந்தப் பச்சைப் பீன்ஸைத்தான். அவரை, கொத்தவரை, தட்டைப்பயறு எல்லாம் வேறு கதை. அவற்றுக்கு மதுரை வெயில் பெரிய பகை அல்ல. பீன்ஸுக்குப் பகை.

1. முதலில் காலண்டரை எடுங்கள்

விதை வாங்கும் முன் செய்ய வேண்டிய வேலை இது. நான் முதலாண்டு மாசி மாதத்தில் விதைத்தேன். முளைத்தது, தளதளவென்று வளர்ந்தது, வெள்ளை வெள்ளையாகப் பூத்தது. பூத்த பூவெல்லாம் மூன்றாம் நாள் தரையில் கிடந்தது. செடிக்கு நோய் இல்லை, பூச்சி இல்லை. பகல் வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் பீன்ஸ் பூவில் மகரந்தம் சரியாக வேலை செய்யாது. காய் பிடிக்காமல் பூ உதிரும். இரவிலும் சூடு இறங்காவிட்டால் இன்னும் மோசம்.

மதுரையில் பகல் 30 டிகிரியை ஒட்டியும் இரவு 20, 21 டிகிரிக்கும் இறங்குவது மார்கழியிலும் தையிலும்தான். மாசி பிறந்து பத்து நாளானால் மாடித் தரையில் கால் வைக்க முடியாது. ஆகவே விதைக்கும் நாளைப் பார்த்துத் திட்டமிடாதீர்கள். பூக்கும் நாட்களை மார்கழி, தைக்குள் வைத்துவிட்டு அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்.

செடி பீன்ஸ் விதைத்த 35 நாளில் பூக்கத் தொடங்கும், 50 நாளில் முதல் பறிப்பு வரும். கொடி பீன்ஸ் பூக்க 45 முதல் 50 நாள், பறிக்க 60, 65 நாள் ஆகும். கணக்குப் போட்டால் செடி பீன்ஸுக்கு நவம்பர் 15 முதல் டிசம்பர் 10 வரை, அதாவது கார்த்திகை மாதம். கொடிக்கு நவம்பர் முதல் வாரத்துக்குள், ஐப்பசி முடிவதற்குள். எங்கள் வீட்டில் இப்போது நினைவு வைத்துக்கொள்வது இப்படி: திருப்பரங்குன்றத்தில் தீபம் ஏற்றும்போது செடி பீன்ஸ் முளைத்திருக்க வேண்டும், தெப்பத் திருவிழாவுக்கு மாரியம்மன் தெப்பக்குளம் போய் வருவதற்குள் பெரும்பாலான காய் பறித்து முடிந்திருக்க வேண்டும்.

சித்திரைத் திருவிழா நேரத்தில் ஆசை வந்தால் கொத்தவரை போடுங்கள். பீன்ஸ் வேண்டாம்.

2. செடியா, கொடியா?

காணொளிகளில் எல்லோரும் இடத்தை வைத்துத்தான் இதற்குப் பதில் சொல்கிறார்கள். இடம் குறைவென்றால் கொடி, மேலே ஏற்றிவிடலாம். இடம் இருந்தால் செடி. பெங்களூருக்கும் ஊட்டிக்கும் அது சரியாக இருக்கலாம். நமக்குத் தீர்மானிப்பது இடம் அல்ல, குளிர் இருக்கும் நாட்களின் எண்ணிக்கை.

செடி பீன்ஸ் ஒன்றரை அடி உயரம் வளரும். கம்பு வேண்டாம், பந்தல் வேண்டாம். இரண்டு மூன்று வாரத்துக்குள் காயை மொத்தமாகக் கொடுத்துவிட்டு ஓய்ந்துவிடும். நம் குறுகிய குளிருக்கு இந்த அவசரம் பொருந்துகிறது. கொடி பீன்ஸ் ஆறு ஏழு அடி ஏறும், மெதுவாகத் தொடங்கி ஒன்றரை இரண்டு மாதம் தொடர்ந்து காய்க்கும். ஒரு கொடியில் ஒரு செடியைவிடக் கூடுதலாகவே காய் கிடைக்கும். ஆனால் அந்த இரண்டு மாதம் மதுரையில் எங்கே இருக்கிறது? கொடி முழு வேகத்துக்கு வரும்போது மாசி வெயில் வந்து நிற்கும். இரண்டாம் ஆண்டு டிசம்பர் மூன்றாம் வாரத்தில் கொடி விதைத்து, சவுக்குக் கம்பெல்லாம் நட்டு, கடைசியில் பதினோரு காய் பறித்தேன். எண்ணிப் பார்த்ததால் சொல்கிறேன்.

முதல் முறை வளர்ப்பவர் என்றால் செடி பீன்ஸ் மட்டும் போடுங்கள். மரம், மதில், பக்கத்துக் கட்டடம் என்று பிற்பகல் நிழல் விழும் இடம் இருந்தால், அடுத்த ஆண்டு இரண்டு பையில் கொடியைச் சோதித்துப் பாருங்கள். சிறுமலை அடிவாரம், நத்தம் பக்கம் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு இரவு கொஞ்சம் கூடுதலாகக் குளிரும். அவர்கள் கொடியைத் துணிந்து போடலாம்.

3. விதை வாங்கும்போது பார்க்க வேண்டிய எழுத்துகள்

கடைக்காரரிடம் "பீன்ஸ் விதை" என்று கேட்டால் கைக்குக் கிடைத்ததைக் கொடுப்பார். பல பாக்கெட்டுகளில் செடியா கொடியா என்று எழுதியே இருக்காது, படம் மட்டும் இருக்கும். எனக்கு ஒரு முறை செடி என்று சொல்லிக் கொடுத்தது நாற்பதாம் நாள் துணி காயப்போடும் கம்பியில் ஏறிக்கொண்டிருந்தது.

ரகத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா கோமல், அர்கா சுவிதா, அர்கா அனூப் மூன்றும் செடி வகை. சுவிதாவில் நார் கிடையாது. அனூப் துரு நோயை (இலையில் துருப் புள்ளி விழும் பூஞ்சண நோய்) தாங்கும். கன்டென்டர் என்ற பழைய ரகமும் செடிதான். கென்டக்கி வொண்டர் கொடி. நம் பக்கத்து மலைகளில் உருவான கொடைக்கானலின் கேகேஎல் 1, தடியன்குடிசையின் டிகேடி 1 இரண்டும் கொடி. பெயரே சொல்வதுபோல மலைக்கானவை. நூறு மீட்டர் உயரத்தில் இருக்கும் மதுரையில் அவற்றைப் போட்டுவிட்டு ஏமாறாதீர்கள்.

அடுத்து பாக்கெட்டின் பின்பக்கம். குவியல் எண் (Lot No.), பரிசோதித்த தேதி, காலாவதித் தேதி, முளைப்புத் திறன் நான்கும் இருக்க வேண்டும். பீன்ஸுக்குக் குறைந்தபட்ச முளைப்புத் திறன் 75 சதவீதம். சான்று பெற்ற விதை என்றால் நீல அட்டை இருக்கும். நிறுவனமே உறுதி சொல்லி விற்கும் விதையில் இளம்பச்சை அட்டை இருக்கும். எந்த அட்டையும் இல்லாமல் பாலித்தீன் பையில் கட்டித் தொங்குவதை வாங்காதீர்கள், எவ்வளவு மலிவாக இருந்தாலும்.

பில் கேட்டு வாங்குங்கள். ஐம்பது ரூபாய்க்குப் பில்லா என்று முறைப்பார்கள், முறைக்கட்டும். குவியல் எண்ணோடு பில் இருந்தால்தான் முளைக்காத விதையைத் திருப்பிக் கேட்க முடியும். விதை முளைக்காமல் ஒரு கடைக்கு நான் திரும்பிப் போனபோது, "எங்கள் கடையில் வாங்கியது என்று எப்படி நம்புவது?" என்றுதான் முதல் கேள்வி வந்தது. பாக்கெட்டைக் கிழித்ததும் குப்பையில் போடாமல், கடைசிக் காய் பறிக்கும் வரை பில்லோடு சேர்த்து வைத்திருங்கள்.

வாங்கியதும் பத்து விதையை ஈரத்துணியில் மடித்து வையுங்கள். ஐந்தாறு நாளில் எட்டு முளைத்தால் நல்ல விதை. ஆறுக்குக் கீழே என்றால் கடைக்குப் போங்கள், பையில் போடாதீர்கள்.

மளிகைக் கடை ராஜ்மாவைப் போட்டால் வருமா என்று கேட்பவர்கள் உண்டு. வரும், இரண்டும் ஒரே இனம்தான். ஆனால் அது பருப்புக்கான ரகம். காயில் நார் அதிகம், செடியா கொடியா என்பதும் முளைத்த பிறகுதான் தெரியும்.

4. அனுமதியும் மானியமும்

வாடகை வீடு என்றால் பை வாங்கும் முன் வீட்டுக்காரரிடம் பேசுங்கள். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அங்குலப் பை நனைந்தால் 25 கிலோவை ஒட்டி வரும். ஆறு பை 150 கிலோ. தளத்தின் நடுவில் வைக்காமல் சுவர் ஓரமாக, செங்கல் மேல் தூக்கி வைக்கிறேன் என்று சொன்னால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள். நான் சொல்லாமல் வைத்து, கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் என்று ஒரு மாதம் சச்சரவு நடந்தது. ஈரம் வந்தது தண்ணீர்த் தொட்டிக் குழாயில். ஆனால் பழி பீன்ஸ் மேல்.

தோட்டக்கலைத் துறை மானிய விலையில் மாடித் தோட்டத் தொகுப்பு கொடுப்பது உண்டு: பைகள், தென்னை நார்க்கழிவுக் கட்டிகள், விதைகள், உயிர் உரங்கள். ஆதார் அட்டை நகலும் புகைப்படமும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். விலையும் மானியமும் ஆண்டுக்கு ஆண்டு மாறும், இருப்பு தீர்ந்தால் தீர்ந்ததுதான். புரட்டாசியிலேயே வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். எனக்குக் கிடைத்த தொகுப்பில் கத்தரி, வெண்டை, கொத்தவரை இருந்தன, பீன்ஸ் இல்லை. பைக்காகவும் நார்க்கழிவுக்காகவும் வாங்கலாம், விதையைத் தனியாகத்தான் வாங்க வேண்டியிருக்கும்.

5. செலவு, ஆறு பைக்கு

கடைசி முறை நான் கொடுத்தது: பை ஆறு, 270 ரூபாய். ஐந்து கிலோ நார்க்கழிவுக் கட்டி 180. செம்மண் மூன்று மூட்டை 150. மண்புழு உரம் பத்து கிலோ 150. வேப்பம் புண்ணாக்கு 90, விதை 60, ரைசோபியம் (வேரில் தழைச்சத்தைச் சேர்க்கும் நுண்ணுயிர் உரம்) 20, வேப்பெண்ணெய் 80. மொத்தம் ஆயிரம் ரூபாய். கொடி என்றால் மூன்று பைக்கு ஒன்பது சவுக்குக் கம்பும் சணலும் சேர்த்து இன்னொரு 355.

இந்த ஆயிரத்துக்குக் கிடைத்தது இரண்டு கிலோவுக்குச் சற்றுக் குறைவான பீன்ஸ். சந்தையில் அதற்கு என்ன விலை என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். என் மனைவி ஏற்கெனவே போட்டுவிட்டாள். அடுத்த ஆண்டு பையும் மண்ணும் அப்படியே இருக்கும், 250 ரூபாய்க்குள் முடியும் என்பதுதான் என் பதில்.

6. மண்ணும் தண்ணீரும்: என் மூன்றாவது தோல்வி இங்கேதான்

காய்கறிகளில் உப்பை மிகக் குறைவாகத் தாங்குபவற்றில் பீன்ஸ் ஒன்று. இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. இலை ஓரம் தீய்ந்ததுபோலக் காய்ந்துகொண்டே போனது. பூஞ்சணம் என்று நினைத்து மருந்து அடித்தேன். உண்மையான காரணங்கள் இரண்டு. கழுவாத நார்க்கழிவு, ஆழ்துளைக் கிணற்று நீர்.

நார்க்கழிவுக் கட்டியை ஊறவைத்து, உதிர்த்து, தண்ணீரை முழுக்க வடியுங்கள். முதல் தண்ணீர் கறுத்த டிக்காஷன் மாதிரி வரும். இன்னும் இரண்டு முறை நல்ல தண்ணீர் விட்டு வடித்தால் நிறம் வெளிறும், உப்பும் போகும். "கழுவியது" என்று அட்டையில் போட்டிருந்தாலும் ஒரு முறை கழுவுங்கள்.

தண்ணீரைப் பொறுத்தவரை, வாயில் வைத்தால் உப்புக் கரிக்கிற தண்ணீர் பீன்ஸுக்கு ஆகாது. மாநகராட்சிக் குழாயில் வரும் தண்ணீரை ஒரு டிரம்மில் பிடித்து வையுங்கள். கார்த்திகையில் மழை பெய்தால் அதைவிட நல்லது வேறில்லை. வேறு வழியே இல்லை, போர் தண்ணீர்தான் என்றால் பீன்ஸை விட்டுவிட்டு வேறு காய் போடுவது மனதுக்கு நிம்மதி.

கலவை: செம்மண் இரண்டு சட்டி, கழுவிய நார்க்கழிவு இரண்டு சட்டி, மண்புழு உரம் அரைச் சட்டி, பைக்கு ஒரு கை வேப்பம் புண்ணாக்கு. திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கத்துக் கரிசல் மண்ணை அப்படியே பையில் நிரப்பாதீர்கள். மழையில் களியாகி வேர் அழுகிவிடும். பையின் அடியில் ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், ஓட்டை போடாத பைகளும் விற்கிறார்கள்.

7. விதைக்கும் நாள்

விதையை இரவெல்லாம் ஊறவைக்காதீர்கள். அவரைக்கும் மொச்சைக்கும் செய்யும் பழக்கத்தில் நான் ஊறவைத்தேன். பீன்ஸ் விதை தண்ணீர் குடித்துப் பிளந்து, மண்ணுக்குள் அழுகிவிட்டது. உலர்ந்த விதையை ஈர மண்ணில் போட்டாலே போதும்.

ரைசோபியம் தடவ விரும்பினால் ஆறிய வடிகஞ்சியில் குழைத்து, விதையில் புரட்டி, நிழலில் அரைமணி நேரம் உலர்த்துங்கள். இரண்டு எச்சரிக்கை. நிலக்கடலைக்கு என்று விற்கும் ரைசோபியம் பீன்ஸுக்கு வேலை செய்யாது, பீன்ஸுக்கு உரியது வேண்டும். விதை இளஞ்சிவப்பாக மருந்து பூசி வந்திருந்தால் ரைசோபியம் தடவுவது வீண், மருந்து அதைக் கொன்றுவிடும். அந்த விதையைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

ஒரு அங்குல ஆழம், பைக்கு ஐந்து விதை. முளைத்து இரண்டு நிஜ இலை (விதையிலைக்குப் பின் வருபவை) விட்டதும் நல்ல மூன்றை விட்டுவிட்டு மற்றதைக் கத்தரியால் வெட்டுங்கள். பிடுங்கினால் பக்கத்துச் செடியின் வேரும் ஆடும். விதைத்த அன்று நன்றாக நனைத்துவிட்டு, முளை தெரியும் வரை மேல்மண் காய்ந்தால் மட்டும் தெளியுங்கள்.

ஐப்பசியில் கொடி விதைப்பவர்களுக்கு மழைதான் எதிரி. அடைமழை நாளில் பையில் விதைத்தால் பாதி அழுகும். டீக்கடைப் பேப்பர் கப்பில் ஓட்டை போட்டு, தாழ்வாரத்தில் விதைத்து, இரண்டு இலையில் மண் உதிராமல் பைக்கு மாற்றுங்கள். வேர் அறுந்தால் பீன்ஸ் தேறுவது கடினம், அதனால் பெரிதாகும் வரை காத்திருக்க வேண்டாம்.

முளைத்த முதல் வாரம் வலை கட்டுங்கள். மைனாவும் அணிலும் முளையைக் கொத்திவிடும். நகரத்துக்கு வெளியே இருந்தால் மயிலும் வரும். அழகர்கோயில் பக்கம் என்றால் குரங்கு. குரங்குக்கு என்னிடம் வழி இல்லை.

8. கொடிக்குக் கம்பு

ஏழடிச் சவுக்குக் கம்பு மூன்றை உச்சியில் சேர்த்துக் கட்டிக் கூடாரம் போல நிறுத்துங்கள். விதைக்கும் நாளிலேயே நட்டுவிட வேண்டும், பிறகு நட்டால் வேரைக் குத்தும். மாடிக் காற்றில் தனிக் கம்பு நிற்காது. பீன்ஸ் கொடி மேலிருந்து பார்த்தால் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில்தான் சுற்றும். நீங்கள் உதவி செய்வதாக நினைத்து மறுபக்கம் சுற்றிவிட்டால் மறுநாள் காலை அவிழ்ந்து கிடக்கும்.

9. பூக்கும் முன்னும் பின்னும்

யூரியா வேண்டாம். தழைச்சத்து கூடினால் இலை பெருக்கும், காய் வராது. முப்பதாம் நாள் பைக்கு ஒரு கை மண்புழு உரம் போதும்.

பூ வந்தபின் ஒருநாள்கூட மண் காயக் கூடாது. நாங்கள் பொங்கலுக்கு இரண்டு நாள் ஊருக்குப் போய்த் திரும்பியதில் ஒரு வரிசைப் பூ முழுக்கப் போனது. காலையில் வேரில் ஊற்றுங்கள். மாலையில் இலை நனையும்படி ஊற்றினால் துரு நோய் வரும்.

சின்னச் செடி காரணமில்லாமல் மஞ்சளாகி, தண்டின் அடி வீங்கி வெடித்திருந்தால் அது தண்டு ஈ. அடியில் மண் அணைத்தால் சில செடிகள் புதுவேர் விட்டுப் பிழைக்கும். அசுவினி, வெள்ளை ஈ தெரிந்தால் ஒரு லிட்டர் தண்ணீரில் ஐந்து மில்லி வேப்பெண்ணெய், கரைய ஓரிரு சொட்டுச் சோப்புக் கரைசல், வெயில் தாழ்ந்தபின் இலையின் அடிப்பக்கம் படும்படி தெளியுங்கள். இலை திட்டுத் திட்டாக மஞ்சளும் பச்சையுமாகச் சுருங்கினால் அது தேமல் நோய். மருந்து கிடையாது. அந்தச் செடியை அன்றே பிடுங்கி எறியுங்கள். மனம் வராமல் நான் விட்டுவைத்த ஒன்று மூன்றாகியது.

10. பறிப்பு

பூ விழுந்த பத்துப் பன்னிரண்டு நாளில், உள்ளே விதை புடைக்கும் முன், ஒடித்தால் "டக்" என்று முறியும் பருவத்தில் பறியுங்கள். இரண்டு நாளுக்கு ஒரு முறை. காய்களை முற்ற விட்டால் செடி தன் வேலை முடிந்தது என்று பூப்பதைக் குறைத்துவிடும். ஒரு கையால் கிளையைப் பிடித்துக்கொண்டு பறிக்க வேண்டும், இழுத்தால் கிளையோடு வரும். பச்சையாகக் கடித்துப் பார்க்கும் பழக்கம் வேண்டாம். பீன்ஸை வேகவைத்துத்தான் சாப்பிட வேண்டும், முற்றிய விதையென்றால் நன்றாகக் கொதிக்க வைத்து.

ஐந்தாவது முறை நான் நவம்பர் 20 அன்று விதைத்தேன். முதல் பறிப்பு ஜனவரி 9. முதல் நாள் 240 கிராம், எதிர்வீட்டு அத்தைக்குப் பாதி கொடுத்தேன். மொத்தமாக ஒரே வாரத்தில் குவியாமல் இருக்க வேண்டுமென்றால், மூன்று பையை முதலிலும் மூன்று பையைப் பத்து நாள் கழித்தும் விதையுங்கள்.

11. அடுத்த ஆண்டுக்கு விதை

பீன்ஸ் தன் பூவிலேயே மகரந்தம் சேரும் பயிர், ஆகவே எடுத்த விதை பெரும்பாலும் தாய்ச்செடி மாதிரியே வரும். நோயே படாத ஒரு செடியை மட்டும் பறிக்காமல் விட்டு, காய் செடியிலேயே காய்ந்து கலகலக்கும் வரை வையுங்கள். தேமல் நோய் விதை வழியாகவும் வரும் என்பதால் சந்தேகமான செடியிலிருந்து ஒரு விதைகூட எடுக்காதீர்கள். உரித்து, நிழலில் ஒரு வாரம் உலர்த்தி, கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, ரகத்தின் பெயரும் தேதியும் "செடி" என்ற சொல்லும் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். வெளியே வைத்தால் சித்திரைக்குள் வண்டு துளைத்துவிடும்.

காய்ந்த செடியைப் பிடுங்காமல் அடியோடு வெட்டி, வேரை மண்ணிலேயே விடுங்கள். அதே பையில் உடனே அரைக்கீரை தூவலாம். எங்கள் ஆறு பையிலும் இப்போது அதுதான் நிற்கிறது.